காமினிக்கும் காமினிக்கும்

ஜூன் 3, செவ்வாய்

ஹெட்போன்களுக்குப் புதிய பஞ்சு வந்திருக்கிறது. உரைபெயர்ப்புக் கூண்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாற்றினேன். பழைய பஞ்சு கறுத்து, ஓரம் உரிந்திருந்தது. கலைக்கப்பட்ட பாராளுமன்றத்தின் பேச்சு முழுவதையும் அதுதான் குடித்திருக்கிறது. குப்பையில் போட்டேன்.

தேர்தல் முடிந்து பதினொரு நாள். கூண்டின் கண்ணாடி வழியே கீழே சபாமண்டபம். இருநூற்று இருபத்தைந்து நாற்காலி. துடைப்பவர் ஒருவர். சபாநாயகரின் ஆசனத்துக்குப் படி ஏறும்போது மட்டும் அவர் செருப்பைக் கழற்றுகிறார்.

அந்த ஆசனத்துக்கு இப்போது ஆள் இல்லை. பன்னிரண்டாம் திகதி புதிய உறுப்பினர்கள் கூடிச் செய்ய வேண்டிய முதல் வேலை, அதற்கு ஒருவரைத் தெரிவுசெய்வது. அவர் அமர்ந்த பிறகே மற்றவர்கள் சத்தியப்பிரமாணம் செய்யலாம். அதுவரை செயலாளர் நாயகம் நின்றபடி சபையை நடத்துவார். அவர் உறுப்பினரல்ல. எங்களைப்போல் சம்பளக்காரர்.

என் தகுதிகாண் காலம் இந்த மாதம் முப்பதில் முடிகிறது. ஒரு வருடம். சிங்களத்தைத் தமிழாகவும் தமிழைச் சிங்களமாகவும், பேசுகிறவர் மூச்சு விடுவதற்குள் மாற்றிச் சொல்லும் வேலை. நிரந்தரக் கடிதம் வந்தால் இந்த நகரம், இந்த வாடகை அறை. வராவிட்டால் வவுனியா, அக்கா வீட்டு முன்னறையில் ரியூஷன்.

அக்கா அந்த அறையை வெள்ளையடித்து வைத்திருக்கிறாளாம். நான் கேட்கவில்லை. அவளாகச் சொன்னாள்.

ஜூன் 4, புதன்

புதிய உறுப்பினர்களுக்கான கைந்நூலைத் தமிழாக்கினேன். முப்பத்தெட்டுப் பக்கம்.

ஒரு வாக்கியம் அரை மணி நேரத்தைத் தின்றது. சபாநாயகர் பதவிக்குப் போட்டி இருந்தால் இரகசிய வாக்கெடுப்பு. சீட்டில் பெயர்கள் அச்சிட்டிருக்காது, வெற்றுத்தாள். உறுப்பினர் தாம் விரும்புகிறவரின் பெயரைத் தம் கையால் எழுத வேண்டும். முழுப்பெயரா, பாதிப் பெயரா? மூலம் அதைச் சொல்லவில்லை. "இன்னார் என அடையாளங்காணப் போதுமானவாறு" என்று எழுதினேன். மூலத்துக்கு அச்சாகப் பொருந்தியது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

நசுறுதீன் நானா பார்த்தார். இருபத்திரண்டு வருடம் கூண்டில் இருந்தவர், சம்மாந்துறைக்காரர், எனக்கு மேலதிகாரி. இரண்டு 'வேண்டும்' வந்த இடத்தில் ஒன்றை வெட்டிவிட்டு, தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

தெரிவுசெய்ய வேண்டியவர்கள் மொத்தம் மூன்று பேர். சபாநாயகர். பிரதிச் சபாநாயகர். குழுக்களின் பிரதித் தவிசாளர். தவிசு என்றால் இருக்கை. இருக்கையைக் கொண்டு ஆளுக்குப் பெயர். மூன்றாமவரை வெளியில் யாருக்கும் தெரியாது. மாலையில் மற்ற இருவரும் களைத்து எழுந்த பிறகு, பாதி காலியான சபையை அவர்தான் கட்டி இழுப்பார்.

ஜூன் 6, வெள்ளி

உறுப்பினர்களின் பதிவு. தமிழ் மேசையில் நான். படிவம், புகைப்படம், கைரேகை. பலர் செயலாளர்களைக் கூட்டி வந்தார்கள். செயலாளர்களே எழுதினார்கள், உறுப்பினர்கள் தொலைபேசி பேசினார்கள்.

ஒருவர் மட்டும் தனியாக வந்தார். ஆரோக்கியநாதன் குரூஸ். மன்னார்க் கரையோரத்தில் மீனவர் கூட்டுறவுச் சங்கத் தலைவர். சுயேச்சைக் குழுவிலிருந்து தெரிவான ஒரே ஆள். வெள்ளைச் சட்டையில் மடிப்புக் கோடு கடையிலிருந்து வந்தபடியே இருந்தது. படிவத்தைத் தானே எழுதினார், மெதுவாக, எழுத்தெழுத்தாக. அவருடைய 'ன' இரண்டு சுழியும் ஒன்றுக்குள் ஒன்று விழுந்து கயிற்று முடிச்சுப்போல் இருந்தது.

'விசேட ஆர்வங்கள்' என்ற இடத்தில் மற்றவர்கள் வாசிப்பு, கிரிக்கெட் என்று எழுதியிருந்தார்கள். அவர் "கடல்வாய் ஆழமாக்கல்" என்று எழுதினார்.

என்னவென்று கேட்டேன். அவருடைய ஊரில் வள்ளங்கள் கடலுக்குப் போகும் வாய்க்கால் மணல் மூடிக் கிடக்கிறதாம். சோழகக் காற்று அடிக்கும் மாதங்களில் அலை அந்த இடத்தில்தான் எழும்பி உடைகிறது. போன வருடம் மூன்று பேர். அதில் ஒருவர் அவருடைய மருமகன். இதை அவர் படிவத்தில் இருந்து தலையெடுக்காமல் சொன்னார்.

"பிள்ளை எந்த இடம்?"

வவுனியா என்றேன். அப்படியென்றால் கிட்டத்தான் என்று சொல்லி, கைரேகை மையைத் தன் சட்டையில் படாமல் என் துண்டுத்தாளில் துடைத்தார்.

ஜூன் 7, சனி

சட்டைகள் தோய்த்தேன். வீட்டுக்கார அம்மா தண்ணீர் மோட்டாரைப் பத்து மணிக்கு நிறுத்திவிடுகிறார். அதற்குள் முடிக்க வேண்டும்.

பத்திரிகையில் முதற்பக்கத் தலைப்பு: "காமினிக்கும் காமினிக்கும் போட்டி."

சிரித்துவிட்டேன். இரு கூட்டணிகளுக்கும் ஏறக்குறையச் சம பலம். ஒரு தரப்பு வேரகொடவை நிறுத்துகிறது. எழுபது வயது, முன்னாள் அமைச்சர். மறுதரப்பு எல்லேபொல அம்மையாரை. சட்டத்தரணி. இருவருக்கும் முதற்பெயர் தமிழில் ஒன்றே. சிங்களத்தில் வேரகொடவுடையது மென்மையான ககரம், எல்லேபொலவுடையது வன்மையானது. இரண்டுக்கும் தனித்தனி எழுத்து. ஆங்கிலத்திலும் அப்படியே, G-யும் K-யும். நம்மிடம் இருப்பது ஒரே 'கா'. இந்த நாட்குறிப்பிலும் குடும்பப் பெயரைச் சேர்க்காமல் அவர்களைப் பிரிக்க எனக்கு வழியில்லை.

நசுறுதீன் நானா தொலைபேசியில் சொன்னார்: "நமக்கு வசதிதான் புள்ள. ஆரு வந்தாலும் நம்மட காமினி எண்டு சொல்லிரலாம்."

எனக்குப் பக்கம் இல்லை. இருக்கக் கூடாது. எல்லேபொல அம்மையார் ஒரு வாக்கியத்தை முடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடங்குவார் என்பது கூண்டில் இருப்பவர்களுக்குத் தெரியும். அது தொழில் சார்ந்த கவனிப்பு. இதுவரை அந்த ஆசனத்தில் பெண் யாரும் இருந்ததில்லை என்பது தகவல்.

ஜூன் 9, திங்கள்

புதியவர்களுக்குச் செயலமர்வு. ஒலிவாங்கியின் விசையை எப்படி அழுத்துவது, ஒழுங்குப் பிரச்சினையை எப்படிக் கிளப்புவது, ஆசனத்துக்கு எப்படித் தலை வணங்குவது. தலை வணங்குவதை மூன்று தடவை பழக்கினார்கள்.

தேநீர் இடைவேளையில் குரூஸ் ஐயா என்னைக் கூப்பிட்டார். அவருக்குச் சிங்களம் விளங்கும், பேச வராது. எல்லேபொல அம்மையாரிடம் அழைத்துப் போனார். இரு தரப்பும் சமமாக நிற்கும்போது ஒற்றை ஆளின் வாக்குக்கு என்ன விலை என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது; அம்மையார் தட்டில் இருந்த கேக்கைக்கூட வைத்துவிட்டு எழுந்தார். குரூஸ் ஐயா வாய்க்காலைப் பற்றித் தமிழில் சொன்னார். நான் சொன்னேன். ஆசனத்தில் இருப்பவர் வாய்க்கால் வெட்ட முடியாது, ஆனால் அதைப் பற்றிப் பேச உங்களுக்கு நேரம் தர முடியும் என்றார் அம்மையார், சிங்களத்தில். நான் சொன்னேன்.

"என்ர வாக்கு காமினிக்குத்தான் எண்டு சொல்லு பிள்ளை."

சொன்னேன். வன்மையான ககரத்தில்.

ஜூன் 10, செவ்வாய்

வேரகொட முன்கூடத்தில் இருந்தார். குரூஸ் ஐயா மறுபடி என்னைக் கூப்பிட்டார். வாய்க்கால். மூன்று பேர். சோழகம். வேரகொட கடற்றொழில் அமைச்சருக்கு அப்போதே தொலைபேசி எடுத்து, ஒரு பொறியியலாளரை அனுப்புவதாகச் சொல்ல வைத்தார்.

"அப்ப சரி. என்ர வாக்கு காமினிக்குத்தான் எண்டு சொல்லு பிள்ளை."

சொன்னேன். மென்மையான ககரத்தில்.

திரும்பி நடக்கும்போது அவர் கைந்நூலை விரித்து, வாக்குச்சீட்டு பற்றிய பக்கத்தைக் காட்டினார். பெயரை முழுதாக எழுத வேண்டுமா என்று கேட்டார். தேவையில்லை, யாரென்று விளங்கினால் போதும் என்றேன். என் வாக்கியத்தைத்தான் எளிய தமிழில் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே போனார்.

இருவர் பேசுவதை உரைபெயர்த்து முடித்ததும் அதை மறந்துவிட வேண்டும் என்று பயிற்சியில் சொல்லித் தந்திருக்கிறார்கள். மறந்துவிட்டேன்.

சேலைக்கு இஸ்திரி போட்டேன். கரையில் லேசாகச் சூடு பட்டுவிட்டது.

ஜூன் 11, புதன்

நாளை. தொண்டைக்குக் கொத்தமல்லித் தண்ணீர். குரல் சரியாக இருக்கிறது.

ஜூன் 12, வியாழன்

வரிசையாக எழுத முயல்கிறேன்.

ஒன்பதரைக்கு மணி. முதல் நாளில் யாருக்கும் ஒதுக்கிய இடம் கிடையாது. விரும்பிய நாற்காலியில் உட்காரலாம் என்பது வழக்கம். ஆனாலும் எல்லோரும் தங்கள் ஆட்களுக்குப் பக்கத்திலேயே போய் அமர்ந்தார்கள். குரூஸ் ஐயா நடுவில், பிரதான வாயிலுக்கு நேரே.

செயலாளர் நாயகம் பிரகடனத்தை வாசித்தார். பிறகு தெரிவு. ஒருவர் வேரகொடவின் பெயரை முன்மொழிந்தார், ஒருவர் வழிமொழிந்தார். எல்லேபொலவுக்கும் அப்படியே. நசுறுதீன் நானா கூண்டில் இருந்தார். தமிழ்ச் சீட்டுகளை வாசிக்க என்னை மேசைக்கு அனுப்பியிருந்தார்கள், ஏனென்றால் மேசையில் இருக்கும் மற்ற உத்தியோகத்தர்களுக்குத் தமிழ் தெரியாது.

பெட்டியைத் திறந்து காலி என்று காட்டினார்கள். ஒவ்வொரு பெயராக அழைத்தார்கள். வந்து, தாளை வாங்கி, மறைப்புக்குள் போய் எழுதி, மடித்துப் போட்டார்கள். இரண்டு மணி நேரம். இருவர் வரவில்லை. இருநூற்று இருபத்து மூன்று சீட்டு.

எண்ணத் தொடங்கினார்கள். தமிழில் எழுதியவை என்னிடம் வந்தன. எல்லேபொல. எல்லேபொல. காமினி வேரகொட. கா. எல்லேபொல. வேரகொட. ஒருவர் "அம்மா" என்று மட்டும் எழுதியிருந்தார், அதை ஏற்றுக்கொண்டார்கள், ஏனென்றால் இருவரில் ஒருவர்தான் பெண்.

பதினேழாவது தாளில் ஒரே சொல். காமினி.

அதை விரித்த கணத்தில்தான் எனக்கு விளங்கியது. நான் எழுதிய வாக்கியம், நான் சொன்ன பதில். சிங்களத்தில் எழுதியிருந்தால் போதுமானது. ஆங்கிலத்திலும் போதுமானது. தமிழில் மட்டும் போதாது. மூன்று மொழியும் தெரிந்து கைந்நூலின் முன்னால் உட்கார்ந்திருந்த எனக்கு அது தோன்றவில்லை.

கையெழுத்தும் அடையாளம் தெரிந்தது. இங்கே அதை எழுதப்போவதில்லை.

தாளை ஒதுக்கி வைக்கச் சொன்னார்கள். மீதியை எண்ணினார்கள். நூற்றுப்பதினொன்று. நூற்றுப்பதினொன்று.

செயலாளர் நாயகம் அந்தத் தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். இரு தரப்புக்கும் ஒவ்வொரு உறுப்பினர் மேசையருகே நின்றார்கள். மேலே கண்ணாடிக்குப் பின்னால் நசுறுதீன் நானா எழுந்து நிற்பது தெரிந்தது.

செயலாளர் நாயகம் சிங்களத்தில், தாழ்ந்த குரலில் சொன்னார்: "வாசியுங்கள் மிஸ்."

வாசிக்கலாம். மிக இலகு. தமிழில் சொல்லின் முதலில் வரும் ககரம் வன்மையாகத்தான் ஒலிக்கும். எந்தப் பள்ளிப் பிள்ளையும் அப்படித்தான் வாசிக்கும். வாயைத் திறந்து இலக்கணப்படி வாசித்தாலே எல்லேபொல அம்மையாருக்கு ஒரு வாக்கு. நூற்றுப்பன்னிரண்டு. யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் சிங்களப் பெயர்களை நாங்கள் இலக்கணப்படி சொல்வதில்லை. வேரகொடவின் பெயரைச் சொல்லும்போது எங்கள் வாய் தானாக மெலியும். எழுதும்போது மட்டும் அந்த மெலிவு தாளில் ஏறாது.

அந்தச் சொல்லைச் சத்தமாகச் சொன்னால் நான் வாக்களித்தவளாகிவிடுவேன்.

எழுத்தைக் காட்ட முடியும், ஒலியைச் சொல்ல முடியாது என்றேன். அவருக்கு விளங்கவில்லை. இரண்டாம் முறை சொன்னேன். வேரகொட தரப்பு உறுப்பினர் உரக்கவே சொன்னார், தமிழ் உத்தியோகத்தருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதாம் என்று. சபை சிரித்தது. எல்லேபொல தரப்பு உறுப்பினர் என் காதருகில் வந்து, சாதாரணமாக வாசியுங்கள் மகளே, உங்கள் ஆட்கள் வாசிப்பதுபோல, என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

செயலாளர் நாயகம் கை உயர்த்திச் சிரிப்பை நிறுத்தினார். மூன்றாம் முறை கேட்டார். இம்முறை அது பணிப்பு என்பதை அவருடைய குரல் சொன்னது.

"வாசிக்க மாட்டேன் சேர்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு தாளைப் புரட்டி வைத்து, இந்தச் சீட்டு ஐயத்துக்குரியது, நிராகரிக்கப்படுகிறது என்று அறிவித்தார். வாக்குகள் சமம். விதிப்படி திருவுளச்சீட்டு.

இரண்டு துண்டுத்தாளில் பெயர் எழுதினார்கள், ஆங்கிலத்தில். வேரகொடவின் பெயர் வந்தது.

முன்மொழிந்தவரும் வழிமொழிந்தவரும் அவரைக் கைபிடித்து ஆசனத்துக்கு அழைத்துப் போனார்கள். வழக்கப்படி அவர் கொஞ்சம் தயங்குவதுபோல் நடந்தார். செங்கோலை மேசையில் வைத்தார்கள். நான் கூண்டுக்கு ஏறி ஹெட்போனை மாட்டினேன். எல்லேபொல அம்மையார் முதலில் எழுந்து வாழ்த்தினார். ஒவ்வொரு வாக்கியத்தையும் முடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடங்கினார். நாலாவது வாக்கியத்தை நான் பாதியில் நிறுத்திவிட்டேன். நானா ஒலிவாங்கியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு மீதியைச் சொன்னார்.

சத்தியப்பிரமாணம் முடிய ஐந்து மணி. பிரதிச் சபாநாயகரையும் குழுக்களின் பிரதித் தவிசாளரையும் செவ்வாய்க்குத் தள்ளிவைத்தார்கள்.

ஜூன் 13, வெள்ளி

பத்திரிகைகள். ஒன்றில் என் படம், மேசையருகே, வாய் பாதி திறந்தபடி. "தமிழ் வாசிக்கத் தெரியாத தமிழ் உரைபெயர்ப்பாளர்."

அக்கா அழைத்தாள். அவளுடைய பள்ளிக்கூடத்தில் எல்லோரும் கேட்டார்களாம். என்னடி, ஒரு பேரை வாசிக்கிறதுக்கு உனக்கென்ன கஷ்டம் என்றாள். விளக்கினேன். சாப்பிட்டியா என்று கேட்டாள்.

அலுவலகத்தில் எழுத்துமூல விளக்கம் கேட்டிருக்கிறார்கள். பணிப்பை ஏன் நிறைவேற்றவில்லை, திங்கட்கிழமைக்குள். இரு தரப்பிலிருந்தும் தனித்தனியே ஆட்கள் வந்தார்கள். எழுத்து யாருடையது என்று தெரிந்திருக்குமே, பதிவு மேசையில் நீங்கள்தானே இருந்தீர்கள் என்றார்கள். ஒருவர் மாம்பழம் கொண்டு வந்திருந்தார். திருப்பி அனுப்பினேன்.

ஜூன் 16, திங்கள்

விளக்கம் ஒரு பக்கம். கைந்நூலில் இருந்த குறை என்னுடையது என்று எழுதினேன். சீட்டின் எழுத்தைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

நசுறுதீன் நானா வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"எழுதினது ஆரெண்டு ஒனக்குத் தெரியும். மொகத்துல இரிக்கி. அந்தாளு வந்து நான் இன்ன ஆளத்தான் நெனச்சன் எண்டு சொன்னா ஒன் தல தப்பிரும். பேரச் சொல்லிரு புள்ள."

தெரியாது என்றேன். இருபத்திரண்டு வருசமாப் பொய்யெல்லாம் மூணு பாஷையில கேட்டவன் நான் என்றார். அதற்கு மேல் கேட்கவில்லை. எனக்கும் சேர்த்து ரோல்ஸ் வாங்கி வந்தார்.

ஜூன் 17, செவ்வாய்

பிரதிச் சபாநாயகர் பதவி எல்லேபொல தரப்புக்குப் போனது. சமரசம். போட்டி இல்லை.

குழுக்களின் பிரதித் தவிசாளர் பதவிக்கு வேரகொட தரப்பில் ஒருவர் எழுந்து கௌரவ ஆரோக்கியநாதன் குரூஸின் பெயரை முன்மொழிந்தார். எல்லேபொல தரப்பில் ஒருவர் எழுந்து வழிமொழிந்தார். வழிமொழிந்தவர் முன்மொழிந்தவரைப் பார்த்து ஆச்சரியப்பட்டதுபோல் இருந்தது. இரு பக்கமும் மேசையைத் தட்டின. தோற்றவர்களும் வென்றவர்களும் அவரை ஒரே மாதிரிப் பார்த்துச் சிரித்தார்கள், வாக்குறுதியைக் காப்பாற்றிய ஒருவரைப் பார்ப்பதுபோல்.

நிராகரித்த அந்த ஒற்றைச் சீட்டு தங்கள் ஆட்களில் யாரோ ஒரு கவலையீனருடையது என்று ஒவ்வொரு தரப்பும் நினைக்கிறதாம். நானா சொன்னார்.

குரூஸ் ஐயா எழுந்து நன்றி சொன்னார். தமிழில், மிகச் சிறிய பேச்சு. ரெண்டு பக்கமும் என்னை நம்பினதுக்கு நன்றி என்றார். சிங்களத்தில் சொன்னேன். அச்சாக.

ஜூன் 19, வியாழன்

சிற்றுண்டிச்சாலையில் வாவியைப் பார்த்த மேசையில் இருந்தேன். குரூஸ் ஐயா பிளேன்ரீயோடு வந்து எதிரில் உட்கார்ந்தார். கோட் போட்டிருந்தார். தோளில் பொருந்தவில்லை.

"பேப்பரில கண்டன் பிள்ளை. உனக்கு என்ன செய்வாங்கள்?"

தெரியாது, முப்பதாம் திகதிக்குள் கடிதம் வரும் என்றேன்.

அவர் தேநீரை ஆற்றினார். ஒருவரைப் பகைத்தால் ஐந்து வருடம் வாய்க்கால் மூடித்தான் கிடக்கும், தான் ஒற்றை ஆள், பின்னால் கட்சி கிடையாது என்றார். பொறியியலாளர் திங்கட்கிழமை ஊருக்கு வந்து அளந்துவிட்டுப் போயிருக்கிறார். எல்லேபொல அம்மையாரும் கேள்வி நேரத்தில் முதல் இடத்தை இவருக்கு விட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

"நான் பொய் சொல்லேல்ல. ரெண்டு பேருக்கும் என்ன சொன்னனோ அதைத்தான் எழுதினனான்."

"தெரியும். நான்தானே அதைச் சொன்னனான்."

அது என் வாயிலிருந்து வந்தபோதுதான் எனக்குக் கோபம் இருப்பது தெரிந்தது. கடலிலும் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில்தான் துடுப்பு வலிப்பீர்களோ என்று கேட்டேன்.

"ரெண்டு பக்கமும் வலிச்சாத்தான் பிள்ளை வள்ளம் நேரே போகும்."

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை. கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார்.

"வா, செயலாளர் நாயகத்திட்டப் போவம். அது என்ர எழுத்து எண்டு சொல்லுறன். பதவி போனாப் போகட்டும். நீ ஏன் எனக்காக நிக்கோணும்?"

உண்மையாகத்தான் சொன்னார். கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். நான் ஓம் என்றிருந்தால் அப்படியே போயிருப்பார்.

முன்னறை ஞாபகம் வந்தது. வெள்ளையடித்த சுவர்.

"இருங்கோ ஐயா. உங்களுக்காக நிக்கேல்ல. சீட்டு ஆருடையது எண்டு ஒருதரம் சொல்லத் தொடங்கினா அடுத்தமுறை எல்லாரையும் கேப்பாங்கள். பயத்தில எழுதுவினம்."

அவர் உட்கார்ந்தார். வாவியில் ஒரு நீர்க்காகம் மூழ்கி வேறிடத்தில் எழுந்தது. அடுத்தமுறை எழுதினால் அந்த அம்மாவின் முழுப்பெயரையும் எழுதுவீர்களா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. பதில் தெரிந்தால் அதையும் சுமக்க வேண்டும்.

ஜூன் 24, செவ்வாய்

மழை. தெரிவுக்குழுவுக்குப் பெயர்கள், நீண்ட பட்டியல். குடையைப் பஸ்ஸில் விட்டுவிட்டேன்.

ஜூன் 25, புதன்

மாலை ஐந்தேகாலுக்குக் குரூஸ் ஐயா முதன்முறையாக ஆசனத்தில் அமர்ந்தார். சபையில் பதினெட்டுப் பேர். ஒருவர் நேரம் தாண்டிப் பேசினார். "கௌரவ உறுப்பினரே, போதும், அடுத்தவர் காத்துக்கொண்டிருக்கிறார்" என்றார். அந்த ஆசனத்திலிருந்து வேறு யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. பேசியவர் உட்கார்ந்துவிட்டார்.

ஜூன் 27, வெள்ளி

பன்னிரண்டரைக்குச் செயலாளர் நாயகம் கூப்பிட்டார்.

கடிதம் மேசையில் இருந்தது. சிங்களத்தில். என் தகுதிகாண் காலம் மேலும் ஆறு மாதத்துக்கு நீடிக்கப்படுகிறது. அதுவரை சபை உரைபெயர்ப்பில் தனியாக அமர்த்தப்படமாட்டேன். காரணம் ஒரு வரியில் இருந்தது: மேற்படி தினத்தில் தமிழில் எழுதப்பட்ட வாக்குச்சீட்டொன்றை வாசிக்க அவருக்கு இயலாமற்போனது.

அவர் கடினமானவரல்ல. சீட்டுகளை முத்திரையிட்டு வைத்துவிட்டதாகவும், எழுத்து யாருடையது என்று தான் கேட்கப்போவதில்லை என்றும் சொன்னார். வேலையிலிருந்து நிறுத்தச் சொல்லி வந்த இரண்டு கடிதங்கள் கோப்பில் இருப்பதையும் சொன்னார். ஆறு மாதம் அவரால் முடிந்த ஆகக் குறைந்த அளவு. நான் நன்றி சொன்னேன்.

தமிழ் உத்தியோகத்தருக்குத் தமிழ்ப் பிரதி கொடுக்க வேண்டும். நசுறுதீன் நானா ஜும்மாத் தொழுகைக்குப் போயிருந்தார். வேறு ஆள் இல்லை. செயலாளர் நாயகம் சங்கடத்தோடு தாளை என் பக்கம் நகர்த்தினார். நீங்களே செய்துவிடுகிறீர்களா?

நின்றபடியே வாசித்தேன். முதல் வாக்கியம் இலகு. இரண்டாவதில் நின்றுவிட்டேன்.

இந்தச் சொல் 'இயலவில்லை' என்று பொருள் தருகிறது, அதுதான் உங்கள் கருத்தா, அல்லது 'வாசிக்கவில்லை' என்பதா என்று கேட்டேன். சிங்களப் பிரதியும் தமிழ்ப் பிரதியும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதால் கேட்கிறேன் என்றேன்.

அவர் நாற்காலியில் சாய்ந்தார்.

"இரண்டில் எது நடந்தது?"

"இரண்டாவது, சேர்."

அவர் ஜன்னலைப் பார்த்தார். இயலாமை பயிற்சிக் குறைபாடு, அதற்கு ஆறு மாதம் என்றார். பணிப்பைக் கேட்டும் செய்யாமல் விடுவது வேறு தலைப்பின் கீழ் வருகிறது. அதற்கு ஒரு வருடம், சம்பள ஏற்றமும் நிற்கும். அவர் அந்தச் சொல்லை யோசித்துத்தான் போட்டிருக்கிறார். இதை மறுபடி என்னிடம் கேட்க வேண்டாம் மிஸ் என்று, ஏறக்குறையக் கெஞ்சுவதுபோல் சொன்னார்.

"அந்தச் சீட்டை என்னால் வாசிக்க முடியும் சேர். இப்போதும் முடியும்."

அவர் பேனாவின் மூடியைத் திறந்தார். சிங்களப் பிரதியில் ஒரு சொல்லை வெட்டி மேலே வேறொன்று எழுதினார். அதற்குக் கீழே எண்ணை வெட்டினார். ஓரத்தில் இரு இடத்திலும் கையொப்பத்தைச் சுருக்கிப் போட்டுத் தாளைத் தந்தார். என் முகத்தை அவர் பார்க்கவில்லை. நான் போவதற்காக எழுந்தபோது அவரும் எழுந்தார். உத்தியோகத்தர்களுக்காக அவர் எழுவதில்லை.

என் மேசைக்கு வந்து தட்டச்சு செய்தேன். தமிழில் எழுதப்பட்ட வாக்குச்சீட்டொன்றை அவர் வாசிக்கவில்லை. ஆறு மாதம் என்று இருந்த இடத்தில் ஒரு வருடம். இரண்டு பிரதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல் சொல்லாக ஒப்பிட்டேன்.

பிழை இல்லை. கையொப்பத்துக்கு அனுப்பினேன்.